மனசு டல்லா இருக்கா? போன்ல ஒரே ஒரு ஆப் வச்சு ஆரம்பிக்கறது எப்படி

காலேஜ் முடிச்சு வேலை தேடிட்டு இருக்கீங்க, இல்ல வேலைல சேர்ந்து ரூம்ல தனியா இருக்கீங்க, கொஞ்ச நாளா எதுலயும் ஆர்வம் இல்ல, தூக்கம் தாறுமாறு, ஆனா தினசரி வேலை எப்படியோ ஓடுதுன்னா இது உங்களுக்குத்தான். ப்ளே ஸ்டோர்ல கண்டதையும் இறக்கிடாதீங்க, நாலே நாள்ல எல்லா நோட்டிபிகேஷனும் தொல்லையா தெரியும்.

முதல்ல அளந்து பாருங்க

மனச்சோர்வை அளக்க பிஹெச்க்யூ-9ன்னு ஒரு கேள்வித்தாள் இருக்கு, டாக்டர்களே யூஸ் பண்றது, நெட்ல தேடினா கிடைக்கும். போன ரெண்டு வாரம் எப்படி இருந்தீங்கன்னு 9 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 3 வரைக்கும் மார்க், மொத்தம் 27. 5லருந்து 9க்குள்ள வந்தா லேசானதுன்னு அர்த்தம், மேல படிங்க. 10, அதுக்கு மேலன்னா டாக்டரைப் பாருங்க, தைராய்டு, ரத்த சோகை இருந்தாலும் இதே மாதிரி சோர்வு வரும், அதை எந்த ஆப்பும் கண்டுபிடிக்காது. கடைசிக் கேள்வி செத்துப் போயிடலாம்னு தோணுதாங்கறது. அதுக்கு 0 தவிர எது வந்தாலும் இதை மூடிட்டு 14416க்கு போன் பண்ணுங்க. டெலி மானஸ்ங்கற மனநல ஹெல்ப்லைன், அரசாங்கத்தோடது, 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம்.

ஒரு வாரம் வெறும் லாக் (தினசரி பதிவு)

டேலியோன்னு ஒரு மூட் டைரி ஆப் இருக்கு, அதைப் போட்டுக்கோங்க. எழுதவே வேண்டாம், அஞ்சு முகத்துல ஒண்ணைத் தொட்டுட்டு அன்னைக்கு என்ன செஞ்சீங்கன்னு ஐகானைத் தொட்டா போதும். அதுலயே வர்ற ஐகான்ல பாதி நமக்கு ஆகாது, அதை எடுத்துட்டு 'அம்மாகிட்ட பேசினேன்', 'மத்தியானம் தூங்கினேன்', 'ராத்திரி ரீல்ஸ்'னு நீங்களே வச்சுக்கோங்க. ரிமைண்டர் ஒண்ணே ஒண்ணு, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம். இந்த வாரம் எதையும் மாத்த வேண்டாம்.

ரெண்டாவது வாரம்தான் விஷயமே

மூட் வந்ததும் செய்யலாம்னு படுத்தே கிடக்கறோம் பாருங்க, அங்கதான் சிக்கல், செய்யாததால மூட் இன்னும் இறங்குது, இறங்கறதால இன்னும் செய்யறதில்ல. சைக்காலஜிஸ்டுங்க இதை தலைகீழா திருப்புவாங்க, முதல்ல செய், மூட் பின்னாடி வரும்னு. லாக்கைப் பார்த்து, நல்ல முகம் போட்ட நாள்ல எந்த ஐகான் அடிக்கடி வருதுன்னு பிடிங்க, அதுல ரெண்டை எடுத்து போன் காலண்டர்ல நேரத்தோட போடுங்க. 'எக்சர்சைஸ்'னு போட்டா கண்டிப்பா செய்ய மாட்டீங்க, 'சாயங்காலம் 6 மணி, செருப்பு மாட்டிட்டு டீக்கடை வரைக்கும்'னு போடுங்க. ஒண்ணு பிடிச்சதா இருக்கட்டும், இன்னொண்ணு செஞ்சு முடிச்சோம்ங்கற திருப்தி தர்றதா இருக்கட்டும், துணி துவைக்கறது கூட ஓகே. செய்யறதுக்கு முன்னாடி மூடுக்கு பத்துக்கு எத்தனைன்னு மார்க் போடுங்க, செஞ்சப்புறமும் போடுங்க. 3 வந்து 4 ஆனாலே அது ஏறினதுதான், 9க்கு ஆசைப்படாதீங்க.

சாட்பாட் வேணுமா?

பெங்களூர்ல ஆரம்பிச்ச வைசாங்கற சாட்பாட் ஆப்ல ஒரு பென்குயின் பொம்மை ஆள் மாதிரியே பதில் பேசும், ராத்திரி ஒரே யோசனை சுத்திட்டு இருக்கறப்ப உதவலாம், ஆனா அவசரத்துக்கு அது ஆகாது. வோபாட்னு இன்னொரு சாட்பாட்டை வச்சு 70 இளைஞர்கள்கிட்ட ரெண்டே வாரம் ஆராய்ச்சி பண்ணி 2017ல வெளியிட்டாங்க, இ-புக் மட்டும் படிச்சவங்களை விட இதுல பேசினவங்களுக்கு மனச்சோர்வு குறைஞ்சிருந்தது, ஆனா அந்த ஆப்பையே 2025 ஜூன்ல மூடிட்டாங்க. அதனால உங்க லாக்கை அப்பப்ப ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க. எந்த ஆப்பா இருந்தாலும் கான்டாக்ட்ஸ், லொகேஷன் பர்மிஷன் கொடுக்காதீங்க, பேஸ்புக் லாகின் வேண்டவே வேண்டாம், பெட்டர்ஹெல்ப்ங்கற ஆன்லைன் கவுன்சிலிங் கம்பெனி, அதுல பேச வந்தவங்களோட தகவலை விளம்பரத்துக்குக் கொடுத்ததுன்னு அமெரிக்க அரசு பிடிச்சு 2023ல 78 லட்சம் டாலர் கட்ட வச்சது.

திரும்ப அதே டெஸ்ட்

ரெண்டு வாரம் முடிஞ்சதும் அந்த 9 கேள்விக்கே திரும்ப பதில் போடுங்க. குறைஞ்சிருந்தா காலண்டர்ல மூணாவதா ஒரு வேலை சேருங்க. அப்படியே நின்னாலோ ஏறினாலோ அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு ஓ.பி. சீட்டு போட்டு போங்க, ஸ்கிரீன்ஷாட்டையும் காட்டுங்க, 'எப்போலருந்து இப்படி இருக்கு, தூக்கம் எப்படி'ன்னு கேட்டா திணற வேண்டியதில்ல.