டெலிமார்க் பைண்டிங்: பனியில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

டெலிமார்க் என்பது குதிகால் பூட்டப்படாமல் எழும் பனிச்சறுக்கு முறை; அதில் பூட்ஸை ஸ்கீயோடு, அதாவது சறுக்குப் பலகையோடு, பிணைக்கும் கருவிதான் பைண்டிங். அது பனியில் மக்கர் செய்தால் ஸ்பிரிங்கையும் கேபிளையும் சந்தேகப்படுமுன் ஐஸைத் தேடுங்கள். உலோகத்தோடு உலோகம் ஒட்டி உட்கார வேண்டிய இடத்தில் மெல்லிய ஐஸ் படலம் இருந்தாலே போதும். பூட்ஸ் மாட்டியதுபோலத் தெரியும், மாட்டியிருக்காது. அந்த நேரத்தில் பலரும் இன்னும் பலமாக மிதிக்கிறார்கள். உடைசலும் கழலலும் பெரும்பாலும் அந்த மிதியில்தான் தொடங்குகின்றன.

இன்று புழக்கத்தில் இருப்பவை மூன்று வகை. முதலாவது 75 மி.மீ. வகை. பூட்ஸின் முன்புறம் வாத்தின் அலகுபோல் நீண்டிருக்கும். அதன் அடியில் மூன்று துளைகள், பைண்டிங்கில் மூன்று பின்கள் (குத்துமுனைகள்), மேலே அழுத்திப் பிடிக்க ஒரு கம்பி வளையம். நோர்வேயில் ப்ரோர் வித் 1927இல் கொண்டுவந்த ரொட்டெஃபெல்லா பைண்டிங்கின் வழி வந்தது இது. பின் இல்லாமல் கேபிளால் குதிகாலைப் பிடிக்கும் மாடல்களும் இதே பூட்ஸுக்கானவைதான். இரண்டாவது, ரொட்டெஃபெல்லா நிறுவனம் 2007இல் வெளியிட்ட என்டிஎன் (நியூ டெலிமார்க் நார்ம்). இதில் அலகு கிடையாது. பாதத்தின் நடுப்பகுதிக்குக் கீழே உள்ள ‘இரண்டாம் குதி’யை ஒரு கவ்வி பிடிக்கிறது. மூன்றாவது, முன்னால் டெக் பின் வைத்தவை. பூட்ஸ் நுனியின் இரு பக்கக் குழிகளில் இரண்டு முனைகள் கவ்வும். பின்னால் கேபிளோ கவ்வியோ இருக்கும். ஐஸ் சேரும் இடம் ஒவ்வொன்றிலும் வேறு.

ஐஸ் எப்படிச் சேர்கிறது என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. காய்ந்த பனி குளிர்ந்த உலோகத்தில் ஒட்டாது, தட்டினால் உதிர்ந்துவிடும். சூடான உலோகத்தில் விழுந்து உருகி, மறுபடி உறைந்த பனிதான் ஒட்டிக்கொள்ளும். காருக்குள்ளோ குடிலுக்குள்ளோ கிடந்த ஸ்கீயை நேராகப் பனியில் போட்டு மாட்டினால் இதுதான் நடக்கும். கிளம்புவதற்கு 15, 20 நிமிடம் முன்பே ஸ்கீயை வெளியே நிழலில் நிறுத்தி ஆறவிடுங்கள். பூட்ஸ் உள்ளுக்குள் சூடாக இருக்கலாம், தவறில்லை. அதன் அடிப்பாகத்தை மட்டும் ஈரமில்லாமல் துடைத்துவிட வேண்டும். கடுங்குளிர் நாளைவிட, வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி மேலும் கீழும் போகும் நாள்தான் அதிகத் தொல்லை தரும். நோர்வேயின் ஹார்டாங்கர்விடா பீடபூமியில் ஈஸ்டர் சமயத்தில் மதியம் பனி நசநசவென்று ஈரமாகி, வெயில் சாய்ந்ததும் இறுகிவிடும். காலையில் சுலபமாக மாட்டிய பைண்டிங் மாலையில் அடம்பிடிப்பது இதனால்தான்.

மூன்று பின் வகையில், துளைகளைப் பார்க்காமல் வளையத்தை அழுத்துவது பெரிய தவறு. துளைக்குள் பனி இறுகியிருந்தால் பின் உள்ளே போகாது. வளையத்தை அழுத்தும்போது பூட்ஸின் அடியையே குடைந்து புதிய பள்ளம் உண்டாக்கும். இப்படி நாலைந்து முறை நடந்தால் துளைகள் அகன்று, பூட்ஸ் எப்போதும் லொடலொடவென்று ஆடும். ஊன்றுகோலின் முனையால் மூன்று துளைகளையும் ஒவ்வொன்றாகக் குத்திச் சுத்தம் செய்யுங்கள். அலகை வைத்து, குதிகாலைச் சற்றுத் தூக்கி இரு பக்கமும் அசைத்துப் பாருங்கள். பின்கள் உட்கார்ந்துவிட்டால் பூட்ஸ் பக்கவாட்டில் நகராது. அதற்குப் பிறகுதான் வளையம். இந்த வகையில் இடது, வலது ஸ்கீ வேறு வேறு என்பதையும் அவசரத்தில் மறக்கிறார்கள். மாற்றிப் போட்டால் எவ்வளவு அழுத்தினாலும் பொருந்தாது.

டெக் பின் வகையில் ஏமாற்றம் இன்னும் நுட்பமானது. கவ்விக் கைகளுக்கு அடியில் உள்ள சிறு பள்ளத்தில் பனி திணிந்துவிடும். கைகள் மூடும், சத்தமும் கேட்கும், ஆனால் முழுதாக மூடியிருக்காது. முதல் திருப்பத்திலேயே பூட்ஸ் வெளியே வந்துவிடும். மாட்டுமுன் அந்தப் பள்ளத்தைக் கூர்மையான குச்சியால் தோண்டி எடுங்கள். மாட்டியபின் குதிகாலை ஏழெட்டு முறை முழுதாகத் தூக்கி இறக்குங்கள். குழிகளுக்குள் ஒட்டியிருக்கும் ஐஸை முனைகளே சுரண்டி வெளியேற்றும். அதன் பிறகு முன் லீவரைத் தூக்கிப் பாருங்கள். வழக்கமான அளவுக்கு அது உயராவிட்டால் கழற்றி, மறுபடி சுத்தம் செய்துதான் ஆக வேண்டும்.

எல்லா வகைக்கும் பொதுவான தொல்லை பாதத்தின் முன்பகுதிக்கு அடியில் சேரும் கட்டி. ஒவ்வோர் அடியிலும் குதிகால் எழும்போது பனி உள்ளே நுழைகிறது. இறங்கும்போது நசுங்கி ஐஸாகிறது. அரை மணி நேர ஏற்றத்தில் இரண்டு செ.மீ. உயரக் கட்டி வளர்ந்துவிடலாம். அதன்மேல் ஏறி நின்று அழுத்தும்போது கட்டி நெம்புகோலாக மாறி, முன் தகட்டின் திருகாணிகளை மேல்நோக்கி இழுக்கிறது. என்டிஎன் வகையில் இதே கட்டிதான் கவ்வி இரண்டாம் குதியை எட்டவிடாமல் தடுக்கும். நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் பிளாஸ்டிக் சுரண்டியால் தட்டிவிடுங்கள். வீட்டிலேயே தகட்டைத் துடைத்து உலர்த்தி, சாதாரண மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டால் பனி ஒட்டுவது நன்றாகக் குறையும். சிலிக்கான் ஸ்ப்ரேயும் உதவும். ஆனால் ஸ்கீயின் அடிப்பரப்பிலும், ஏற்றத்தில் வழுக்காமலிருக்க ஸ்கீயின் அடியில் ஒட்டும் ஸ்கின் பட்டையின் பசையிலும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

லைட்டரால் சூடாக்குவதும், பிளாஸ்கில் உள்ள தேநீரை ஊற்றுவதும் வேண்டாம். நெருப்பு பிளாஸ்டிக்கை வளைக்கும். தேநீர் ஸ்பிரிங்குக்குள் இறங்கி, பத்து நிமிடத்தில் இன்னும் ஆழமான இடத்தில் உறையும். குடிக்கவும் ஒன்றும் மிஞ்சாது.

ஏறி நடக்கும் முறை, சறுக்கி இறங்கும் முறை (இறக்கமுறை) என மாற்றும் லீவர் உள்ள மாடல்களில், சோம்பலால் இறக்கமுறையிலேயே மலையேறுவதைப் பார்க்கலாம். ஒவ்வோர் அடிக்கும் ஸ்பிரிங்கை இழுத்துக்கொண்டு நடப்பதால் கால் சோர்வதோடு, பூட்ஸின் மடிப்பும் திருகாணிகளும் வீணாகத் தேய்கின்றன. மேலே போய் இறங்குமுன் ஒவ்வொரு குதிகாலாகத் தூக்கிப் பாருங்கள். ஸ்பிரிங்கின் எதிர்ப்பு தெரிய வேண்டும். ஒரு காலில் எதிர்ப்பு இருந்து மறுகாலில் இல்லையென்றால் லீவர் ஐஸில் சிக்கியிருக்கிறது. அப்படியே இறங்கினால் முகம் குப்புற விழ நேரும்.

கேபிளின் இறுக்கத்தைப் பற்றி ஒரு பொதுவான தப்பெண்ணம் உண்டு. குதிகாலையும் பூட்டும் ஆல்பைன் பைண்டிங்கில் உள்ள டின் எண் எந்த விசையில் பூட்ஸ் விடுபடும் என்பதைக் காட்டுவது. டெலிமார்க் ஸ்பிரிங்கில் காணும் எண்ணோ கோடோ வெறும் இழுவிசை அளவு. பல 75 மி.மீ. பைண்டிங்குகள் விழும்போது விடுபடவே விடுபடா. சரியான இறுக்கத்தைக் காலில் மாட்டித்தான் பார்க்க வேண்டும். சமதரையில் நின்று பின்னால் வைத்த காலின் முழங்காலை ஸ்கீயை நோக்கி முழுதாகத் தாழ்த்துங்கள். அந்த நிலையிலும் ஸ்பிரிங் சுருள்களுக்கு இடையே சிறிது இடைவெளி மிச்சமிருக்க வேண்டும். சுருள்கள் முழுதாக முட்டிவிட்டால் மீதி விசை கேபிளிலும் திருகாணியிலும் இறங்கும். தளர்வாக இருந்தால் குதி லீவர் நழுவும். ஸ்பிரிங் அடங்கிய இரு பக்கக் குழாய்களையும் ஒரே எண்ணிக்கையில் திருகுங்கள்; இல்லையென்றால் பூட்ஸ் கோணலாக இழுபடும். பெரிய பூட்ஸுக்காகக் குழாயைக் கடைசிப் புரிவரை தளர்த்துவது ஆபத்து. அதற்கு நீளமான கேபிள் வாங்குவதே வழி.

திருகாணிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குதிகால் தனியாகப் பூட்டப்படாததால் நெம்புவிசை பெரும்பாலும் முன்தகட்டின் சில திருகாணிகளின்மேல் விழுகிறது. உலோகத் தகடு இல்லாத ஸ்கீக்கு 3.6 மி.மீ. துளைப்பானும், உள்ளே உலோகத் தகடு உள்ளதற்கு 4.1 மி.மீ. துளைப்பானும் வழக்கம், ஆழம் 9 மி.மீ. பெரும்பாலும் ஸ்கீயின் மேலேயே இது அச்சிட்டிருக்கும். ஆழத்தடை இல்லாமல் துளைத்தால் அடிப்பரப்பு வழியே முனை வெளியே வரும். துளையின் வாயைச் சற்றுச் சரிவாகக் குடைய மறக்கிறார்கள். திருகாணி இறங்கும்போது மேல்படலம் குமிழ்போல் எழும்பி, தகடு சமமாக உட்காராமல் போவது இதனால்தான். நீர் புகாத மரப்பசையோ எபாக்ஸியோ இடாமல் திருகினால் உருகிய பனிநீர் உள்மரத்தில் இறங்கி, உறைந்து, துளையை அகலமாக்கும். திருகாணித் தலைக்கு போஸிட்ரைவ் 3ஆம் எண் முனை வேண்டும். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் பிலிப்ஸ் முனையைப் போட்டால் வழுக்கித் தலை தேய்ந்துவிடும். எல்லாவற்றையும் லேசாக இறக்கியபின், மூலைக்கு மூலையாக, கையாலேயே இறுக்குங்கள்.

புதிதாகப் பொருத்தியதை முதல் நாள் முடிவில் ஒருமுறை சோதியுங்கள். அதன்பின் ஒவ்வொரு பயணத்துக்கும் முன் தகட்டின் விளிம்புக்கு அடியில் ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். முன்பு நுழையாத இடத்தில் இப்போது நுழைந்தால் தளர்ந்திருக்கிறது. பிடிமானமில்லாமல் சுழலும் திருகாணியை மேலும் இறுக்குவது வீண். கழற்றி, துளையை உலர்த்தி, பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைத் துண்டாக்கி எபாக்ஸியோடு திணித்து மறுபடி திருகி, அறை வெப்பத்தில் ஒரு நாள் முழுதும் விடுங்கள். மலையில் இதைச் செய்ய நேர்ந்தால் எபாக்ஸிக் குழாயை உள்சட்டைப் பையில் வைத்துச் சூடாக்காமல் பயனில்லை. குளிரில் அது இறுகாது. அதோடு போஸிட்ரைவ் முனை, இரண்டு மூன்று திருகாணிகள், ஒரு மாற்றுக் கேபிள், ரப்பர் பட்டைகள், ஒரு மீட்டர் மெல்லிய கம்பி. இவ்வளவும் கைக்குள் அடங்கும்.

காலோடு ஸ்கீயைக் கட்டும் வாரைப் பனிச்சரிவு அபாயமுள்ள இடத்தில் கழற்றிவிடுங்கள். புதையும்போது ஸ்கீ ஆளைக் கீழே இழுக்கும். சறுக்குவோரை மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்ட் உள்ள இடங்களில் மட்டும் வாரோ பிரேக்கோ அவசியம்.

வீடு திரும்பும் வழியில் காரின் கூரையில் திறந்தபடி கட்டிய ஸ்கீயின்மேல் சாலை உப்புநீர் தெறிக்கும். ஸ்பிரிங்குக்குள் துரு பிடிப்பது இங்கிருந்துதான். உறைபோட்டுக் கட்டுங்கள், முடியாவிட்டால் அன்றே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து அறையில் காயவிடுங்கள், ஹீட்டரின் மேல் வேண்டாம். துருநீக்கி ஸ்ப்ரே உள்ளே இருக்கும் கிரீஸையும் கரைத்துவிடும். கடுங்குளிரிலும் இறுகாத கிரீஸைச் சொட்டளவு தடவினால் போதும். கேபிள் குதி லீவரில் நுழையும் வளைவில் ஓர் இழை அறுந்திருந்தாலும் அந்தக் கேபிளை மாற்றிவிடுங்கள். கோடைக்கு எடுத்துவைக்கும்போது ஸ்பிரிங்கைத் தளர்த்தி, எத்தனை சுற்று தளர்த்தினோம் என்பதை ஒரு ஒட்டுத்தாளில் எழுதி ஸ்கீயிலேயே ஒட்டிவையுங்கள்.