பழைய எஞ்சினுக்கு நிறம் பிடிக்கும்போது விடும் பிழைகள்

மொரிஸ் மைனர் கார் ஒன்றைப் பழைய கோலத்துக்குக் கொண்டுவரும் தம்பி ஒருவர் போன மாதம் தன் எஞ்சினைக் காட்டினார். கைவேலை சுத்தம், நிறம்தான் பிழை. எஞ்சினின் உடலான பிளொக் முழுக்க மண்ணிறம் கலந்த மங்கல் பச்சை. பதினைந்து வருடத்துக்கு முன் நானும் இதே நிறத்தைத்தான் அடித்தேன். துருவின் மேல் அடிப்பது, எண்ணெய்ப் பசையின் மேல் அடிப்பது எல்லாம் எவருக்கும் தெரிந்த பிழைகள். அவற்றை விடுகிறேன்.

கண்ணில் படும் இடத்தில் மாதிரி எடுப்பது

1956இல் 948 சிசியோடு வந்த மைனர் 1000இன் எஞ்சின் பச்சை. அறுபது வருடம் சூட்டில் கிடந்த பிறகும் அது அதே பச்சையாக இருக்காது. எண்ணெய் படிந்து, வெந்து, மஞ்சளும் மண்ணிறமும் ஏறியிருக்கும். இந்த எஞ்சினில் காற்றும் பெற்றோலும் உள்ளே போகும் இன்லெற், புகை வெளியேறும் எக்ஸோஸ்ட் இரண்டும் இடப்பக்கம்; அந்தப் பக்கம்தான் அதிகம் வேகும். நான் மாதிரிக்குப் பெயின்ற் சில்லு சுரண்டியதும் அங்கேதான். கடைக்காரர் அந்தச் சில்லுக்கு அச்சொட்டாகக் கலந்து தந்தார். பிளொக்கைப் பெயின்ற்றையும் கழற்றிவிடும் காஸ்ரிக் சோடாத் தொட்டியில் போட்டுக் கழுவி, அடித்து, பூட்டியும் விட்டேன்.

அடுத்த வருடம் உதிரிக்கென்று வாங்கிய இன்னொரு எஞ்சினில், டிஸ்ரிபியூட்டருக்குக் கீழே விரல் மொத்தத்துக்கு கிரீஸ் அப்பியிருந்தது. வழித்துப் பார்த்தால் உள்ளே வாடாத பச்சை. என் பிளொக்கிலும் அது இருந்திருக்கும், நானே கழுவி ஊற்றிவிட்டேன். எஞ்சினை மறுபடி இறக்கி, புது கஸ்கற் செற் வாங்கி, இரண்டாம் தரம் பெயின்ற் அடித்தேன். காசு போனதைவிட, கையில் இருந்த சாட்சியை அழித்தது இன்றைக்கும் எரிச்சல்.

ஆகவே கழுவ முதல் பாருங்கள். வலப்பக்கம், எஞ்சினின் அடியில் எண்ணெய் நிற்கும் சம்ப் வந்து சேரும் விளிம்பு, கிரீஸ் தடித்த இடம். மரக்குச்சியால் வழித்து, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ஒரு நாணயம் அளவு துடைத்தால் போதும். தின்னர் வேண்டாம், பழைய பெயின்ற்றையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். ஈரம் காய்ந்த பிறகே நிறத்தைப் பாருங்கள்.

தம்பியின் கராஜ் மூலையில் சம்ப் இன்னும் கழுவாமல் கிடந்தது. இருவரும் குந்தியிருந்து சுரண்டினோம். அடிமூலையில் பச்சை வந்தது.

ரியூப் லைற்றின் கீழ் ஒப்பிடுவது

அங்கே ஒன்றாகத் தெரியும் இரண்டு பச்சை, வெயிலில் வேறு வேறாகும். தகரத் துண்டொன்றில் எஞ்சினுக்குப் போடும் அதே பிரைமர் போட்டு, அடித்து, நன்றாகக் காயவிட்டு, பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஈரப் பெயின்ற்றை நம்பவே வேண்டாம்.

பொன்னிறம் கண்டால் குழம்புவது

அது மொரிஸ் கார்களைச் செய்த பிஎம்சி கொம்பனி புதுப்பித்து விற்ற கோல்ட் சீல் மாற்று எஞ்சினாக இருக்கலாம். வெள்ளி நிறமென்றால் சில்வர் சீல். காரோடு பிறந்த எஞ்சின் அல்ல, ஆனாலும் அதைப் பச்சையாக்க எனக்கு மனம் வராது.

கைபேசிப் படத்தைக் காட்டி நிறம் கேட்பது

கிடைக்காது.

எக்ஸோஸ்ட் மனிபோல்டுக்கும் அதே பெயின்ற்

எரிந்து உரியும். அடிக்காதீர்கள்.