மாட்டின் மடியழற்சிக் கிருமி: பால் குப்பியிலிருந்து மரபணுத்தொகுதி வரை

மாட்டின் மடி வீங்கி, பால் திரிதிரியாக வருகிறது. மிருக வைத்தியர் மடியழற்சி என்கிறார். அதை உண்டாக்கும் பற்றீரியாவின் மரபணுத்தொகுதியை, அதாவது அதன் முழு டி.என்.ஏயையும், படிக்க ஆசைப்படுபவர்கள் நேரே கணினிக்கு ஓடுவார்கள். நான் கொட்டிலில் தொடங்குகிறேன். காரியம் கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

மருந்து ஏற்றுவதற்கு முன்பே பால் எடுத்துவிடுங்கள். காம்புகளைக் கழுவித் துடைத்து, முதல் சில பீச்சல்களை ஒரு கோப்பையில் தனியாக விடுங்கள். 70 சதவீத அல்ககோல் நனைத்த பஞ்சால் துடைக்கும்போது எட்ட இருக்கும் காம்புகள் முதலில்; பால் எடுக்கும்போது கிட்ட இருப்பவை முதலில். அப்போதுதான் துடைத்த காம்பில் கை உரசாது. குப்பியைச் சரித்துப் பிடித்தால் சாணித்தூசி விழாது. அப்புறம் ஐஸ் போட்ட றெஜிபோம் பெட்டி. யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் சும்மா கொண்டுபோனால் வேண்டாத கிருமியெல்லாம் பெருகிவிடும்.

ஆய்வுகூடத்தில் இரத்த அகாரில் (இரத்தம் கலந்த கிருமி வளர்ப்புக் கூழில்) வளர்த்து, தனித்த ஒரு கொலனியை (ஒரே கிருமி பெருகி உண்டான புள்ளியை) எடுத்து இன்னொரு தட்டில் மறுபடி வளர்க்க வேண்டும். இந்த இரண்டாம் தட்டுக்குப் பஞ்சிப்படாதீர்கள். டி.என்.ஏ பிரிக்கும்போது மடியழற்சிக்கு அடிக்கடி காரணமாகும் ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸின் சுவர் லைசோசைம் என்ற நொதிக்கு மசியாது, லைசோஸ்டபின் என்ற நொதி தேவை.

வரிசைப்படுத்த (டி.என்.ஏயின் எழுத்துகளை வரிசையாகப் படிக்க) ஆய்வுகூடத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் நாட்களில், எஸ்.ஆர்.ஏ என்ற பொது மரபணுத் தரவுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் தரவுகளில் பழகலாம். கேலக்சி என்ற இணைய ஆய்வுத் தளத்தில் பிரவுசரே போதும். வேலை அவர்களின் சேர்வரில் நடப்பதால் இங்கே கரண்ட் போனாலும் நிற்காது. அங்கே உள்ள கருவிகளில் ஃபாஸ்ட்கியூசி தரம் பார்க்கும், ஸ்பேட்ஸ் டி.என்.ஏ துண்டுகளைப் பொருத்தும், குவாஸ்ட் பொருத்தியதை அளக்கும்.

இப்போது அளவைப் பாருங்கள். ஓரியஸ் என்றால் மொத்தம் ஏறக்குறைய 28 இலட்சம் எழுத்துகள், ஜீ-சீ விகிதம் (எழுத்துகளில் ஜீயும் சீயும் சேர்ந்த பங்கு) 33 சதவீதம் அளவில் வர வேண்டும். 75 இலட்சம் வந்து, ஜீ-சீ வரைபடத்தில் 50க்குப் பக்கத்தில் இன்னொரு திமிலும் தெரிந்தால் ஈ.கோலி என்ற வேறு பற்றீரியா கலந்திருக்கக்கூடும். சரி, திரும்பத் தட்டுக்குப் போங்கள்.

சுத்தமாக இருந்தால் மருந்து எதிர்ப்பு மரபணுக்களைத் தேடும் ஏ.எம்.ஆர்.ஃபைண்டரில் போடுங்கள். பிளாஇசட் மரபணு இருந்தால் பெனிசிலின் பெரும்பாலும் வேலை செய்யாது. மெதிசிலின் மருந்துக்கு எதிர்ப்புத் தரும் மெக்சீ என்ற மரபணுவையும் தேடுங்கள்: 2011இல் இங்கிலாந்தின் பசுப்பாலில் இருந்து அறியப்பட்டது, அதே எதிர்ப்பைத் தரும் மெக்ஏயை மட்டும் தேடும் சோதனைகளுக்குத் தப்பியது.

வைத்தியரிடம் போகும்போது அன்டிபயோட்டிக் வட்டுச் சோதனை (எந்த மருந்து கிருமியைத் தடுக்கிறது என்று தட்டில் பார்ப்பது) முடிவையும் கையோடு கொண்டு போங்கள். அவர் முதலில் கேட்பது அதைத்தான்.