சுப்பர்ஹீரோ கதைகள் அலுக்கத் தொடங்கினால் செய்ய வேண்டியவை

இருபது, முப்பது ஆண்டுகளாகச் சுப்பர்ஹீரோ சித்திரக்கதைகளை விடாமல் வாசித்து வந்த ஒருவருக்கு, புதிய இதழ் கைக்கு வந்தும் அதன் உறையைப் பிரிக்க மனம் வராத நாள் ஒன்று வரும். எனக்கு அது திருகோணமலையில் ஒரு மார்கழி மழைக்காலத்தில் வந்தது. கனடாவிலிருந்து மாமா அனுப்பிய பொதியில் இருந்த நான்கு இதழ்களை அலுமாரியின் மேல் வைத்தேன். தைப்பொங்கல் கழிந்த பிறகும் அவை அங்கேயே கிடந்தன. இந்த நிலைக்கு வந்தவர்கள் அவசரப்பட்டுச் சேகரிப்பை விற்றுவிடவும் வேண்டாம், பழக்கத்துக்காகத் தொடர்ந்து வாங்கவும் வேண்டாம். அலுத்தது எது என்பதை முதலில் கண்டறியுங்கள்.

அதற்குச் சிறுவயதில் உங்களைக் கட்டிப்போட்ட ஒரு கதையை மறுபடி வாசித்துப் பார்ப்பதே நல்ல வழி. நான் எடுத்தது சித்தப்பா விட்டுச்சென்ற ஒரு பழைய முத்து காமிக்ஸ் இதழ். 1972இல் சிவகாசியிலிருந்து இரும்புக்கை மாயாவியின் கதையோடு தொடங்கிய அந்த வெளியீட்டின் வழியாகத்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் சித்திரக்கதைக்குள் நுழைந்தோம். மின்சாரம் பாய்ந்ததும் மாயாவியின் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும் கட்டத்தைக் கண்டதும், பத்து வயதில் திகைத்து நின்றதைப் போலவே இப்போதும் நின்றேன். எனக்கு அலுத்தது வீரர்கள் அல்லர் என்பது அப்போது விளங்கியது. அத்தகைய கதையும் உங்களைத் தொடவில்லையென்றால் ஓராண்டு வேறு எதையாவது வாசியுங்கள். அதற்காக வருந்த வேண்டியதில்லை.

நெடுநாள் வாசகரைப் பெரும்பாலும் களைப்படையச் செய்வது முடிவே இல்லாத தொடர்ச்சிதான். 1992 நவம்பரில் வெளியான இதழில் சுப்பர்மேன் இறந்தார். அடுத்த ஆண்டே திரும்பி வந்துவிட்டார். சுப்பர்மேன் கதைகளைத் தாங்கி 1938இல் தொடங்கிய அக்‌ஷன் கொமிக்ஸ் 2011இல் 904ஆம் இதழோடு நிறுத்தப்பட்டு மீண்டும் 1ஆம் இலக்கத்திலிருந்து எண்ணப்பட்டது. 2016இல் 957 எனப் பழைய வரிசைக்கே திரும்பி, 2018இல் 1000ஆவது இதழைத் தொட்டது. பாத்திரங்கள் பதிப்பகத்தின் சொத்து என்பதால் எழுத்தாளர் மாறும்போதெல்லாம், முன்னவர் கட்டியதைப் பின்னவர் கலைக்க நேர்கிறது. எந்த இழப்பும் நிலைக்காது என்று நன்கு தெரிந்துகொண்ட வாசகரால், அடுத்த இழப்புக்காக உண்மையாகக் கலங்க முடிவதில்லை.

ஆகவே மாதாந்த இதழ்களை நிறுத்திவிட்டு, ஒரே எழுத்தாளரும் ஒரே ஓவியரும் தொடங்கி முடித்த கதைகளுக்கு மாறுங்கள். கிராண்ட் மொரிசன் எழுதி, பிராங்க் குவைட்லி வரைந்து, 2005 முதல் 2008 வரை வெளிவந்த ஆல் ஸ்டார் சுப்பர்மேன் 12 இதழ்களில் நிறைவுபெறுகிறது. தன் உயிர் போகப்போவதை அறிந்த சுப்பர்மேன் எஞ்சிய நாட்களை என்ன செய்கிறார் என்பதைச் சொல்லும் அந்தக் கதைக்கு முந்தைய இதழ் எதுவும் தேவையில்லை. நீண்ட தொடர்களுக்கு முடிவை நீங்களே தீர்மானிக்கலாம். ஸ்பைடர்மேன் 1962இல் அறிமுகமானார். 1973இல் அவருடைய காதலி குவென் ஸ்டேசி இறக்கும் 121ஆம் இதழையும் அதை அடுத்த 122ஆம் இதழையும் நான் கடைசியாக வைத்துக்கொண்டேன். அதற்குப் பின் வந்தவை வேறொருவருடைய கதை என்று எண்ணத் தொடங்கியதும் முதல் பாதியின் மீதான அன்பு முழுமையாகத் திரும்பி வந்தது.

இனிச் சேகரிப்பைப் பற்றி. கடலோர ஊரில் வாசிக்காமல் அடைத்து வைத்த இதழ்கள் சும்மா இருப்பதில்லை. உப்புக்காற்றில் தையல் கம்பி துருப்பிடித்து, நடுத்தாளில் இரண்டு பழுப்புப் புள்ளிகள் விழும்; பிறகு கம்பியைச் சுற்றிய காகிதம் பொடிப்பொடியாக உதிர்ந்து அந்தத் தாள் தனியே கழன்றுவிடும். 1993ஆம் ஆண்டு இதழொன்றைத் திறந்தபோது அதன் நடுத்தாள் என் மடியில் விழுந்த வேதனை இன்னும் ஆறவில்லை. வாடைக்காற்று வீசும் ஐப்பசி முதல் தை வரை பெட்டியைத் திறக்காதீர்கள். மாசி பிறந்து ஈரம் வடிந்த பிறகு, நேர் வெயில் படாத இடத்தில் ஒரு பகல் முழுவதும் காற்றாட விடுங்கள். இராமபாணப் பூச்சி பக்கங்களை அரித்திருக்கிறதா என்று ஒவ்வோர் இதழின் முதுகையும் பாருங்கள். பெட்டியைத் தரையில் வைக்காமல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பலகை மேல் வையுங்கள்.

பிறருக்குக் கொடுப்பதானால் உதிரி இதழ்களாகக் கொடுக்காதீர்கள். ஆறு பாகக் கதையின் மூன்றாம் பாகம் மட்டும் கிடைக்கும் பிள்ளை அத்தோடு சித்திரக்கதையையே வெறுத்துவிடக்கூடும். முழுக் கதையாகச் சேர்த்து, நூலால் கட்டி, வாசிக்க வேண்டிய வரிசையை மேலே ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுங்கள். என் சேகரிப்பில் பாதிக்கு மேல் இப்படியே உப்புவெளியில் இருக்கும் அக்காவின் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தது.

எதை வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்க இதழின் விலையையோ அரிதான தன்மையையோ பார்க்காதீர்கள். காற்றாடப் பரப்பிய அன்று ஒவ்வொன்றாகக் கையிலெடுத்து முதல் பக்கத்தைப் புரட்டுங்கள். உட்கார நாற்காலி தேடக்கூடத் தோன்றாமல், நின்றபடியே கடைசிப் பக்கம் வரை வாசித்துவிட்ட இதழ் எதுவோ, அதைப் பெட்டிக்குள் திருப்பி வையுங்கள்.