எந்தக் கணினியில் இருந்தாலும் அவரவர் கோப்பு

கிளிநொச்சிப் பக்கம் ஒரு படிப்பகத்தில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளைகள் எதில் அமர்ந்தாலும் தங்கள் கோப்புகள் கிடைக்கவேண்டும் என்று, ஹோம் அடைவுகளை (ஒவ்வொருவரின் சொந்தக் கோப்புகள் இருக்கும் இடம்) ஒரு சேர்வரில் வைத்து, வலையமைப்பில் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் வழியாகப் பகிர்ந்தோம். சில நாளில் ஒரு பிள்ளை வந்து, "சேர், என்ர ஃபைல் திறக்குதில்லை" என்றாள்.

அடைவை எண்களோடு பட்டியலிட்டுப் பார்த்தேன். கோப்பின் உரிமையாளர் 1003. அந்தக் கணினியில் அவளுடைய எண்ணோ 1005. என்எஃப்எஸ் வழக்கமான அமைப்பில் பெயரைப் பார்த்து அனுமதிப்பதில்லை, பயனர் எண்ணைத்தான் பார்க்கும். ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாகக் கணக்குத் திறந்தால் எண் மாறத்தான் செய்யும். அங்கே 1003 வைத்திருக்கும் வேறொருவருக்கு அவள் கோப்பு திறந்துவிடும், அதுதான் எனக்குப் பெரிய கவலை.

கணக்குகளை எல்லாம், அவற்றை ஒரே இடத்தில் வைக்கும் ஓப்பன்எல்டாப்புக்குச் சேர்வரில் மாற்றி, அங்கிருந்து கணக்கு விவரத்தை எடுக்கும் எஸ்எஸ்எஸ்டியைக் கணினிகளில் போட்டேன். எல்லா இடத்திலும் ஒரே எண். சரி, அது தீர்ந்தது.

அப்புறம் மின்வெட்டு. கரண்ட் வந்ததும் சேர்வருக்கு முன்னரே கணினிகள் எழும்பிவிடும், சேர்வரின் அடைவு இணையாமல் ஹோம் வெறுமையாக இருக்கும். ஆட்டோஎஃப்எஸ் போட்டால், உள்நுழையும்போதுதான் அடைவு இணைக்கப்படும். சேர்வர் பதில் தராவிட்டால் தொடர்ந்து காத்திராமல் பிழையோடு கைவிடும் சொஃப்ட் மவுண்ட் மட்டும் வேண்டாம்; எழுதும்போது சேர்வர் நின்றால் பிள்ளைகளின் கோப்பு பழுதாகலாம்.