ஏர் ஹேமரில் கல் செதுக்கப் பழகுவோம்

ஏர் ஹேமருக்குள் ஒரு சிறிய பிஸ்டன் இருக்கிறது. கம்ப்ரஸர் அழுத்தி அனுப்பும் காற்று அதை நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை உளியின் தலையில் மோத வைக்கிறது. அடிப்பது கருவியின் வேலை. உளியை எங்கே, எந்தச் சாய்வில் வைப்பது என்பதுதான் உங்கள் வேலை. பழகுவதற்கு மாக்கல் போதும், கருங்கல்லுக்கு அப்புறம் போகலாம்.

முதலில் காற்று. பெரும்பாலான கருவிகள் 90 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 90 பவுண்டு) அழுத்தத்தில் ஓடுபவை. சும்மா இருக்கும்போது கேஜ், அதாவது அழுத்தமானி, காட்டுவதை நம்ப வேண்டாம், கருவி ஓடும்போது பாருங்கள். கம்ப்ரஸர் வாங்கப் போனால் டேங்க் எத்தனை லிட்டர் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதைவிட முக்கியம் சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று வரும் என்பது. அது கருவி கேட்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும். மாமல்லபுரம் போன்ற கடலோர ஊர்களில் காற்றோடு ஈரமும் சேர்ந்து வரும். காற்று வரும் லைனில் ஈரத்தைப் பிரித்தெடுக்கும் வாட்டர் செபரேட்டர் இல்லாவிட்டால் பிஸ்டன் துருப்பிடிக்கும்.

எண்ணெய். வேலை தொடங்குமுன் காற்று நுழையும் துளையில் மூன்று நான்கு சொட்டு ஏர் டூல் ஆயில் விடுங்கள். கையில் இருக்கிறதே என்று இன்ஜின் ஆயிலை ஊற்றாதீர்கள். அது கெட்டியானது, உள்ளே பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும்.

இனி செதுக்கலாம். உளியைக் கருவியில் செருகி, முனையைக் கல்லில் வைத்த பிறகே காற்றைத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது முதலில் காற்றை மூடுங்கள், பிறகு உளியை எடுங்கள். சிற்ப வேலைக்கான பல கருவிகளில் உளியைப் பிடித்துக்கொள்ளும் பூட்டு கிடையாது. வெறும் காற்றில் ஓட்டினால் உளி பறந்துவிடும், பிஸ்டனும் அடிபடும். அதனால் மற்றொரு கை எப்போதும் உளியின் மேல் இருக்க வேண்டும், ஆனால் இறுக்கிப் பிடிக்கக் கூடாது. இறுக்க இறுக்க அதிர்வு விரல்களில் இறங்கும். தொடர்ந்து பல வருடம் இப்படி வேலை செய்தால் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் நோய் வரலாம். இடையிடையே கைக்கு ஓய்வு கொடுங்கள்.

தூசி விஷயத்தில் சமரசமே வேண்டாம். கருங்கல் தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் படிந்து உண்டாக்கும் சிலிக்கோசிஸ் நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. முகத்தில் துண்டு கட்டினால் இந்த நுண்தூசி நிற்காது. குறைந்தது நுண்தூசியை வடிகட்டும் என்95 மாஸ்க்காவது அணியுங்கள், முடிந்தவரை கல்லை நனைத்துச் செதுக்குங்கள். கண்ணாடியும் காதடைப்பும் கூடவே வேண்டும். உடம்பில் படிந்த தூசியை ஏர் கன்னால் ஊதித் தள்ளும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

சாயங்காலம் கம்ப்ரஸரை நிறுத்தி, டேங்கின் அடியில் உள்ள வால்வைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். கருவியில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, உளியைக் கல்லில் வைத்தபடி சில நொடி ஓட்டி எடுத்து வையுங்கள்.

கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளால் ஆன முனை கொண்ட உளி மழுங்கினால் சாதாரண கிரைண்டர் வீலில் சாணை ஏறாது. பச்சை நிற சிலிக்கன் கார்பைடு வீலோ டைமண்ட் வீலோ வேண்டும். தீட்டும்போது சூடான முனையைத் தண்ணீரில் முக்கினால் விரிசல் விடும், தானாக ஆறட்டும்.