முதல் மான் வேட்டை ரைஃபிளும் ஸ்கோப்பும்: குறைந்த செலவில் தேர்ந்தெடுக்கும் முறை

இந்த விளக்கம் அமெரிக்காவில் வசித்து, அங்கே சட்டப்படி வெண்வால் மான் வேட்டைக்கு முதன்முறையாகச் செல்ல விரும்புவோருக்கானது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைத் தடை செய்திருப்பதால், இதில் உள்ள எதுவும் அங்கே பொருந்தாது. மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் மாறும் என்பதால் பென்சில்வேனியாவை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

மான் துடிக்காமல் ஒரே குண்டில் விழ வேண்டும் என்பதே துப்பாக்கி வாங்குபவரின் முதல் கவலையாக இருக்க வேண்டும். அதற்கு விலை உயர்ந்த ரைஃபிள் தேவையில்லை. கைக்கு அடங்கிய ரைஃபிளும் போதிய பயிற்சியும் தேவை. ஆகவே கையில் உள்ள பணம் முழுவதையும் துப்பாக்கியில் போட்டுவிடாமல், பயிற்சித் தோட்டாக்களுக்கு ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

படி 1: சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

பென்சில்வேனியாவில் முதன்முறையாக வேட்டை உரிமம் எடுப்பவர் எந்த வயதினராக இருந்தாலும் வேட்டைக் கல்விப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். மான் வேட்டைக்கு அங்கே செமி-ஆட்டோமேட்டிக் ரைஃபிள் (சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்வது) கூடாது. கையால் இயக்கும் ரைஃபிளே அனுமதிக்கப்படுகிறது. துப்பாக்கியால் மான் வேட்டையாட அனுமதிக்கும் பருவத்தில் தலை, மார்பு, முதுகு ஆகியவற்றில் மொத்தம் 250 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சு நிறம் தெரிய வேண்டும்.

நம்மவர்களில் பலர் எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பதால் அடுத்ததைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, நடப்பில் உள்ள வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கான விதிவிலக்குகளுள் ஒன்று. உரிமம் காலாவதியானால் அந்த விதிவிலக்கும் போய்விடும். விதியை மீறினால் தண்டனையோடு குடியேற்ற நிலையும் பாதிக்கப்படும் என்பதால், வாங்குவதற்கு முன்பே குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுவிடுவது நல்லது. உங்களுக்கான துப்பாக்கியை நண்பரின் பெயரில் வாங்குவது குற்றம். பச்சை அட்டை பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை. யாராக இருந்தாலும் கடையில், துப்பாக்கி வாங்குவோருக்கான 4473 என்ற கூட்டாட்சிப் படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனைக்கு உட்பட வேண்டும்.

படி 2: துப்பாக்கிக்கு முன் தோட்டாவை முடிவு செய்யுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் ரைஃபிளின் பெயரைத்தான் முதலில் தேடுகிறார்கள். ஒரே ரைஃபிள் பல காலிபர்களில் (தோட்டா வகைகளில்) கிடைப்பதால், எந்தத் தோட்டா என்று முதலில் முடிவு செய்தால் மற்றவை எளிதாகிவிடும். 1906 முதல் புழக்கத்தில் உள்ள .30-06 என்ற தோட்டா எந்த மானையும் வீழ்த்தும். ஆனால் தோளில் பலமாக உதைக்கும். உதைக்குப் பயந்தவர் விசையை அழுத்தும் அந்தக் கணத்தில் தம்மையறியாமல் கண்ணை மூடி, தோளைச் சுருக்கிக்கொள்வார்; குண்டு மானின் வயிற்றில் பாயும். மானுக்கு அதைவிடக் கொடிய சாவு இல்லை.

அதனால் முதல் துப்பாக்கிக்கு .243 வின்செஸ்டர், 6.5 கிரீட்மோர், 7எம்எம்-08 ஆகிய மூன்றில் ஒன்றையே பரிந்துரைக்கிறேன். 1955இல் வந்த .243இன் உதை, .30-06இன் உதையில் ஏறத்தாழப் பாதிதான். அதை வாங்கும்போது தோட்டாப் பெட்டியில் குண்டின் எடையைக் கட்டாயம் பாருங்கள்: 55, 58 கிரெய்ன் (குண்டின் எடை அலகு) குண்டுகள் சிறு விலங்குகளுக்கானவை; மானுக்கு 95 அல்லது 100 கிரெய்ன் வேண்டும். .308 வின்செஸ்டர் சற்றுக் கூடுதலாக உதைத்தாலும் எந்தக் கடையிலும் கிடைக்கும், பெரும்பாலானோரால் பழகிக்கொள்ளவும் முடியும். பக்கத்து ஒஹாயோவில் வேட்டையாடுவதானால் இவை எதுவும் செல்லாது. அங்கே நேரான சுவர் கொண்ட, அதாவது முனைப்பக்கம் கழுத்துபோல் குறுகாத கூடுள்ள தோட்டாக்களே அனுமதிக்கப்படுவதால், 2019இல் வந்த .350 லெஜண்ட் போன்றவற்றைப் பார்க்க வேண்டும்.

படி 3: ரைஃபிளைக் கையில் எடுத்துப் பாருங்கள்

ரூகர் அமெரிக்கன், சாவேஜ் ஆக்சிஸ், மாஸ்பெர்க் பேட்ரியட் ஆகியவை ஏறத்தாழ 400 முதல் 600 டாலருக்குள் கிடைக்கும் போல்ட் ரைஃபிள்கள், அதாவது கைப்பிடியை இழுத்துத் தள்ளி ஒவ்வொரு தோட்டாவையும் ஏற்றுபவை. மூன்றுமே மான் வேட்டைக்குத் தேவையானதைவிட நுட்பமாகச் சுடக்கூடியவை. மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஏறத்தாழ 8 அங்குல விட்டமுள்ளது. இந்த ரைஃபிள்கள் 100 கஜத்தில் 2 அங்குலத்துக்குள் குண்டுகளைச் சேர்க்கும். ஆகவே எது அதிக நுட்பமானது என்று ஒப்பிட்டுக்கொண்டிருப்பதைவிட, எது உங்கள் உடலுக்குப் பொருந்துகிறது என்று பாருங்கள்.

கடைக்காரர் அனுமதியோடு, துப்பாக்கியின் தோட்டா அறை காலியாக இருப்பதை உறுதி செய்துவிட்டு, பாதுகாப்பான திசையை நோக்கிக் கண்ணை மூடியபடி ரைஃபிளைத் தோளில் வையுங்கள். கண்ணைத் திறந்ததும், கழுத்தை நீட்டாமலும் கன்னத்தைத் தூக்காமலும் ஸ்கோப்பின் (குறிபார்க்கும் தொலைநோக்கியின்) முழு வட்டமும் தெரிந்தால், தோளில் பதியும் பின்கட்டையின் நீளமும் உயரமும் உங்களுக்குச் சரி. விசை கனமாக இருந்தால் இழுக்கும்போது குழல் ஆடும். அதன் எடையைக் கூட்டிக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். ரூகர் அமெரிக்கனில் 3 முதல் 5 பவுண்டு வரை மாற்றலாம்.

பழைய துப்பாக்கி வாங்குவதும் நல்ல வழிதான். ஆனால் ரெமிங்டன் 700இல் எக்ஸ்-மார்க் ப்ரோ விசை கொண்டவை 2014இல் திரும்ப அழைக்கப்பட்டன. அப்படிப்பட்ட ஒன்று கண்ணில் பட்டால், பழுது நீக்கப்பட்டதற்கான சான்று இல்லாமல் வாங்காதீர்கள்.

படி 4: ஸ்கோப்

3-9×40 போதும். இதில் 3-9 என்பது உருப்பெருக்கம், 40 என்பது முன் கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். 40ஐ உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும்: 9இல் 4.4 மி.மீ., 5இல் 8 மி.மீ. பென்சில்வேனியாவில் சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பிருந்து, மறைந்தபின் அரை மணி நேரம் வரை மான் வேட்டையாடலாம். மான் நடமாடுவதும் அந்த மங்கலில்தான். உருப்பெருக்கத்தைக் குறைத்து வைத்தால்தான் அப்போது தெளிவாகத் தெரியும். காட்டில் நடக்கும்போது 3இலேயே வைத்திருங்கள். 9இல் வைத்திருந்தால், அருகில் திடீரென்று மான் வந்து நிற்கும்போது ஸ்கோப்பில் மயிர்க்கூட்டம் மட்டும்தான் தெரியும், எந்தப் பகுதி என்று புரியாது.

ரைஃபிளோடு சேர்த்துக் கட்டி விற்கும் ஸ்கோப்புகள் பெரும்பாலும் அந்தத் தொகுப்பின் பலவீனமான பகுதி. கையில் பணம் இருந்தால் ரைஃபிளைத் தனியாக வாங்கி, 150 முதல் 300 டாலருக்குள் வோர்டெக்ஸ் கிராஸ்ஃபயர் அல்லது லூபோல்ட் விஎக்ஸ்-ஃப்ரீடம் வாங்குங்கள். இரு நிறுவனங்களுமே ஆயுட்கால உத்தரவாதம் தருகின்றன. நீண்ட தூரத்துக்கான 20 மடங்கு உருப்பெருக்க ஸ்கோப்புகள் கனமானவை; காட்டில் வீண் சுமை.

படி 5: பொருத்துதலும் குறி சரிசெய்தலும்

வேட்டைக்கு அணியும் தடித்த மேலங்கியை அணிந்துகொண்டே ஸ்கோப்பைப் பொருத்துங்கள். கண்ணுக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ மூன்றரை அங்குலமாவது இருக்க வேண்டும். குறைந்தால் சுடும்போது புருவத்தைக் கிழிக்கும். திருகுகளைத் தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்கே இறுக்குங்கள்.

சுடுதளத்தில் காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு அணிந்து, முதலில் 25 கஜத்தில் தொடங்குங்கள். ஸ்கோப்பின் திருகி (குறியை நகர்த்தும் குமிழ்) ஒரு சொடுக்குக்குக் கால் எம்ஓஏ (100 கஜத்தில் ஏறத்தாழக் கால் அங்குலம்) அளவுள்ளதானால், 100 கஜத்தில் 4 சொடுக்குகள் குண்டை ஓர் அங்குலம் நகர்த்தும். 25 கஜத்தில் அதே ஓர் அங்குலத்துக்கு 16 சொடுக்குகள் வேண்டும். அங்கே குறி சேர்ந்தபின் 100 கஜத்துக்குப் போய், ஒவ்வொரு முறையும் மூன்று குண்டுகள் சுட்டு, அவற்றின் நடுப்புள்ளியைப் பார்த்துத் திருத்துங்கள். ஒரே குண்டைப் பார்த்துத் திருகினால் குறி அலைந்துகொண்டே இருக்கும். குழல் சூடேறினால் ஆற விடுங்கள்.

வீட்டில், தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, துப்பாக்கியின் தோட்டா அறையும் மேகசினும் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்தபின், குழலின் மேல் முனையருகே ஒரு நாணயத்தை வைத்து விசையை அழுத்திப் பழகுங்கள். நாணயம் விழாத அளவுக்கு விரல் மெதுவாக இயங்க வேண்டும். பிறகு சுடுதளத்தில் மேசையை விட்டு எழுந்து, முழங்காலிட்டும் உட்கார்ந்தும் 8 அங்குலக் காகிதத் தட்டைச் சுடுங்கள். எந்தத் தூரம் வரை எல்லாக் குண்டும் தட்டுக்குள் விழுகிறதோ, அந்த ஆண்டு காட்டில் அதுவே உங்கள் எல்லை. அதற்கு அப்பால் நிற்கும் மானைப் போக விடுங்கள். வேட்டைக்குக் கொண்டுபோகும் தோட்டாவும் குறி சரிசெய்த அதே தயாரிப்பாக, அதே எடையாக இருக்கட்டும். வேறு மாற்றினால் 100 கஜத்தில் மீண்டும் சுட்டுப் பார்க்க வேண்டும்.